ஷர்லி திறந்து வைத்த டேப்புகள்

போனில் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தால் அது எங்கே போய் உட்காருகிறது என்று நம்மில் அதிகம் பேர் கவனிப்பதில்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள் மேடம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே நாற்பத்துமூன்று வயது வரை கவனிக்காமல்தான் இருந்தேன். அதனால் என் வாழ்க்கையில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

விஷயம் இதுதான். பிளஸ் குறியைத் தொட்டு ஒரு புது டேப்பைத் திறந்தால் அது வரிசையில் கடைசியாகப் போய் நிற்கும், ரேஷன் கடைக்கு வருகிற ஒழுக்கமான ஆள் மாதிரி. ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கிற பக்கத்தில் ஒரு லிங்கை அழுத்திப் பிடித்து, புது டேப்பில் திற என்று சொன்னால், அது கடைசிக்குப் போகாது. தன்னைத் திறந்துவிட்ட பக்கத்துக்கு அடுத்தே இடம் பிடித்துக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் தெரிந்தவன் துண்டு போட்டு வைத்திருப்பான் அல்லவா, அந்த மாதிரி. எல்லா போனிலும் இப்படித்தானா என்றால் இல்லை. ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி, அப்டேட் ஆனால் மூன்றாவது மாதிரி. யாரும் நம்மைக் கேட்டுவிட்டு மாற்றுவதில்லை. டேப்பை விரலால் அழுத்திப் பிடித்து இழுத்தால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம் என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

"நடந்தத ஒங்க கையாலயே எழுதிக் குடுத்துருங்க சார். சுத்தி வளைக்காம எழுதுங்க" என்று சொல்லி நேற்று ஸ்டேஷனில் இந்தத் தாள்களைக் கொடுத்தீர்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. டேப் எப்படித் திறக்கும் என்பது புரியாமல் நான் செய்தது புரியாது. நீங்களும் ரைட்டரும் என்னை எந்தச் செக்‌ஷனில் போடுவது என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டதைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாட்டைத் திருடினால் செக்‌ஷன் இருக்கிறது. வரப்பை நகர்த்தினால் இருக்கிறது. பெண்டாட்டியின் போனில் டேப்பை நகர்த்தியவனுக்கு இன்னும் எழுதவில்லை போலிருக்கிறது. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்.

என் பெயர் ஜெரால்டு. கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சீனியர் அசிஸ்டென்ட். பதினெட்டு வருஷமாக ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கி வைப்பதுதான் என் வேலை. எது முன்னால் இருக்க வேண்டும், எது பின்னால் இருக்க வேண்டும் என்பது ஒரு சாதாரண விஷயம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு ஃபைல் இரண்டு அங்குலம் தள்ளிப்போனதால் இன்கிரிமென்ட் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி ஷர்லி திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவு. காலை ஆறே கால் பஸ்ஸைப் பிடித்தால் ஏழரை டூட்டிக்குச் சரியாக இருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், பிள்ளை இல்லை. ஷர்லி கெட்டிக்காரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

போன வருஷம் அவளுக்கு அயர்லாந்து போகும் எண்ணம் வந்தது. கூட வேலை பார்த்த இரண்டு பேர் போய்விட்டார்கள். "ஏங்க, நானும் எழுதிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "தாராளமா எழுது" என்றேன். நான் ஒரு வார்த்தைகூடத் தடுத்ததில்லை மேடம். இந்த வாக்குமூலத்தில் நீங்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். எங்கள் பக்கத்தில் எத்தனை கணவர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அயர்லாந்துக்குப் போவது என்றால் பஸ் ஏறுவது மாதிரி இல்லை. இங்கிலீஷ் டெஸ்ட், அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலில் பதிவு, இங்கிருந்து சான்றிதழ் சரிபார்ப்பு, அப்புறம் இன்டர்வியூ. எல்லாமே ஆன்லைன், எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி. ஷர்லி இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் போனிலேயே செய்தாள். அவளுக்கு ஒரு முறை இருந்தது. முடித்த வேலைகளின் பக்கங்களை மூடாமல் மேலே விட்டு வைப்பாள், பின்னால் பார்க்க உதவும் என்று. அடுத்துச் செய்ய வேண்டிய வேலையைக் கடைசி டேப்பாக வைப்பாள். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கடைசி டேப்பைத் தொட்டால் போதும், அன்றைய வேலை அதுதான். மெயிலைப் பார்த்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். மெயில் வந்ததும் அதிலுள்ள லிங்கை டேப்பில் திறந்து, இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மெயிலை மறந்துவிடுவாள். டேப் வரிசையை அவள் அவ்வளவு நம்பினாள். நம்பிக்கை நல்ல குணம்.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவூரில் அவள் அப்பா வீட்டில் விருந்து. பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமனார் இன்னாசி பழைய மிலிட்டரிக்காரர். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, "மாப்ள, ஒங்களுக்கு விசா எப்புடி?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்கு முன் ஷர்லி சொன்னாள். "அவரு டிபெண்டன்ட் விசாவுல வருவாருப்பா. என் பேர்ல அவரு வந்துக்கிடலாம்."

"அப்புடின்னா?" என்று கேட்டது மாமியார் அடைக்கலமேரி.

"எம் மக சம்பாதிப்பா, மாப்ள அங்கன சோறாக்கிப் போடுவாரு. அதானே?" என்றார் மாமனார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். கோழிக்கால் ஒன்றைக் கூடுதலாக என் இலையில் வைத்தார்கள். இதனால்தான் எல்லாம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். ஒரு வார்த்தைக்காக மனம் கோணுகிற ஆள் நான் இல்லை. டிபெண்டன்ட் என்ற அந்த வார்த்தைக்குத் தமிழில் சார்ந்திருப்பவர் என்று பொருள் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன், அவ்வளவுதான்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தற்செயல். செப்டம்பரில் ஒரு காலை. அவள் குளிக்கப் போயிருந்தாள். என் போனில் சார்ஜ் இல்லை, அவள் போனை எடுத்து மழை வருமா என்று ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பிளஸ்ஸைத் தொட்டுத் திறந்ததால் அது கடைசியில் போய் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் முடிக்க வேண்டியது இங்கிலீஷ் டெஸ்டுக்குப் பதிவு செய்வது. பஸ்ஸில் உட்கார்ந்து கடைசி டேப்பைத் தொட்டிருக்கிறாள், மழை வந்திருக்கிறது. சரி, பதிவுதான் நேற்றே முடித்துவிட்டோம் போல என்று நினைத்துவிட்டாள். அன்று மாலையோடு தேதி முடிந்தது.

சாயங்காலம் வந்து என் முன்னால் நின்றாள். "என்னங்க, தப்புப் பண்ணிட்டேங்க. டெஸ்ட் தேதிய விட்டுட்டேன். லீவெல்லாம் சொல்லி வெச்சு, ஒங்களையும் அலைக்கழிச்சு... மன்னிச்சிருங்க."

பதினான்கு வருஷத்தில் ஷர்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. சம்பளம் என்னைவிட அவளுக்கு அதிகம், சமையலும் அவள்தான், என் சட்டைக்குப் பட்டன் வைப்பதும் அவள்தான். அப்படிப்பட்டவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு மனது கனிந்துவிட்டது. "பரவால்ல விடு, வேலைக் களைப்பு" என்று சொல்லி முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் என் பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மழைப் பக்கத்தைத் திறந்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நல்ல ஒரு மாலையை எதற்குக் கெடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள். அவள் குளிக்கப் போவது ஐந்தரைக்கு. பதினைந்து நிமிஷம். போனைத் திறக்கும் நம்பர் எங்கள் கல்யாணத் தேதி. அவசரப்பட வேண்டியதே இல்லை.

டிசம்பரில் அவள் கவுன்சிலுக்கு இரண்டு சான்றிதழ்கள் அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்றை அனுப்பிவிட்டாள். வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் வந்த பக்கம் வரிசையில் மேலே இருந்தது. அதை விரலால் பிடித்து இழுத்துக் கடைசியில் விட்டேன். இன்னும் அனுப்பாத சான்றிதழின் பக்கத்தை மேலே கொண்டுபோய், முடிந்த வேலைகளுக்கு நடுவில் வைத்தேன். காலையில் அவள் பச்சைப் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியாக போனைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆறு வாரம் கழித்து விண்ணப்பம் காலாவதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. நான் எதையும் அழிக்கவில்லை, எதையும் பொய்யாக எழுதவில்லை. எல்லாப் பக்கமும் உண்மையான பக்கம். இடம் மட்டும் மாறியிருந்தது. எங்கள் ஆபீசில் இதற்குப் பெயர் ஃபைல் அடுக்குவது.

இன்டர்வியூ நடந்த நாளைப் பற்றி ஷர்லி உங்களிடம் அழுதுகொண்டே சொன்னாள் என்றீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன். அது ஜனவரிக் கடைசி. கவுன்சிலுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தாலும் அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்று அவளை வீடியோ காலில் பேசக் கூப்பிட்டிருந்தது. முதலில் நான்கு மணி என்று சொன்னார்கள். இரண்டு நாள் முன்னால் அதை இரண்டரைக்கு மாற்றிப் புது லிங்க் அனுப்பினார்கள். ஷர்லி அதைத் திறந்து கடைசியில் வைத்தாள். மறுநாள் காலையில் அது மேலே போய்விட்டது. நான்கு மணிப் பக்கம் கடைசிக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் கணவன் என்பவன் பக்கத்தில் இருக்க வேண்டும். நீலக் காட்டன் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டாள். அரிசிப் படியைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். பார்த்துச் சொன்னேன். இரண்டரை மணிக்கு அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு லிங்கைத் தொட்டாள். யாரும் வரவில்லை. நான்கு நாற்பது வரை சிரித்த முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள், எந்த நொடியும் வந்துவிடுவார்கள் என்று. நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

"நாலு மணின்னுதாங்க போட்டிருந்துச்சு" என்றாள்.

நான் போனை வாங்கி ஒவ்வொரு டேப்பாகத் தள்ளிப் பார்த்தேன். பத்தொன்பது டேப்புகள். ஏழாவதில் நிறுத்தி அவளிடம் காட்டினேன். "இந்தா பாரு, ரெண்டரைன்னு இருக்கே. நீதானே தெறந்து வெச்சிருக்க."

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு என்னமோ ஆவுதுங்க" என்றாள். சத்தம் போட்டு அழவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து பாத்திரம் கழுவினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் சமையலறை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்தாள். துவரம்பருப்பு, உளுந்து, சோம்பு. பதினான்கு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த டப்பாக்கள். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்கிறாள் என்று அவளோடு வேலை பார்க்கும் ஷீபா என்னிடம் போனில் கவலைப்பட்டாள். "என்னாச்சுண்ணே ஷர்லிக்காவுக்கு? பதினோரு வருசத்துல ஒரு தப்பு பண்ணுனது இல்ல." நானும் கவலைப்பட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கவலைப்பட்டோம்.

திருச்சியில் நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். அவர் நல்ல மனிதர், தப்பு எதுவும் அவர் மேல் இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வேலைப்பளுவும் தூக்கக் குறைவும்தான் என்றார். ராத்திரிக்குப் போட ஒரு சின்ன மாத்திரை, இரண்டு வாரத்துக்கு மட்டும், அதற்கு மேல் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மாத்திரை போட்ட நாட்களில் ஷர்லி மந்தமாக இருந்தாள். பேச்சு மெதுவாக வந்தது. நான் சொன்னதற்கெல்லாம் சரிங்க என்றாள். இரண்டு வாரம் முடிந்ததும், "இது எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியது அவள் விருப்பம். நான் வற்புறுத்தவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளுக்குச் சத்துமாவுக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஏலக்காய், வெல்லம் எல்லாம் போட்டு. அதற்கு முன் நான் அடுப்புப் பக்கம் போனதே இல்லை. ஆவூர் முழுக்க அது பரவிவிட்டது. மாமனார் போன் பண்ணி, "மாப்ள, அன்னைக்கிச் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், நீங்க நெசமாவே எம் மகளுக்கு ஆக்கிப் போடுறீங்க" என்று தழுதழுத்தார். பங்குச்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், நோயுற்ற மனைவியைத் தாங்குகிற ஒரு கணவர் நம் நடுவிலேயே இருக்கிறார் என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மார்ச் மாதம் அவள் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது படியில் கால் தவறி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. விழுந்ததற்கு நான் காரணமில்லை, நான் அப்போது ஆபீசில் இருந்தேன். கட்டுப் போட்ட கையோடு எப்படி நர்ஸ் வேலை பார்ப்பது. ராஜினாமாக் கடிதத்தை நான்தான் டிராஃப்ட் செய்தேன். அவள் இடது கையால் பேனாவைப் பிடித்து, கையெழுத்துப் போடுவதற்கு முன், அதிலிருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைச் சுழித்துக் காட்டினாள். மறதிக்காரிக்கு எழுத்துப்பிழை மட்டும் எப்படித் தெரிந்தது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கும்போது மனிதன் கவனக்குறைவாகத்தான் இருக்கிறான்.

ஏப்ரல், மே இரண்டும் எங்கள் வாழ்க்கையிலேயே அமைதியான மாதங்கள். மாமியார் அடைக்கலமேரி வந்து உதவிக்கு இருந்தார். நான் ஆபீசிலிருந்து வரும்போது ஷர்லி வாசல் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னைக்கி என்ன கெழமைங்க?" என்று கேட்பாள். சொல்வேன். பேங்க் கார்டை என்னிடமே கொடுத்துவிட்டாள். அயர்லாந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் போனில் இப்போது திறந்திருந்தவை மீன்குழம்பு செய்முறையும் கோயில் பாட்டுகளும்தான். அவற்றையும் காலையில் நான் கொஞ்சம் மாற்றி வைப்பேன். அவசியம் இல்லைதான். பழகிய கை சும்மா இருக்காது.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் என்னை மேஜைக்கு எதிரில் உட்காரச் சொன்னாள். கட்டுப் பிரித்துவிட்டிருந்தார்கள். ஷீபாவும் வந்திருந்தாள். ஷர்லி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தாள். ஐ.சி.யூவில் நோயாளியின் கால்மாட்டில் தொங்குமே சார்ட், அதே மாதிரி கோடு போட்டிருந்தாள். தேதி, நேரம், டேப் எண்ணிக்கை, வரிசை.

"பதினேழு நாள் பாத்தேங்க" என்றாள். "பேஷண்ட பாக்குற மாதிரி என்னையவே பாத்துக்கிட்டேன். குளிக்கப் போறதுக்கு மின்னாடி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஷீபாவுக்கு அனுப்பிட்டு, என் போன்ல அழிச்சிருவேன். குளிச்சிட்டு வந்து இன்னொண்ணு."

நான் நோட்டைப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சுத்தமாக இருந்தது.

"நாள் முழுக்க எதுவும் மாறல. நான் குளிக்கிற அந்தப் பாஞ்சு நிமிசத்துல மட்டும் மாறுது. நாலு நாளு போனக் குளிக்கிற ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டேன். அந்த நாலு நாளும் மாறல."

"போன் அப்டேட் ஆயிருக்கும்" என்றேன். "புது டேப் எங்க தெறக்கும்னு அவனுகளே மாத்திக்கிட்டே இருப்பானுக."

"ஆமாங்க. அதையும் பாத்தேன். தெறந்தா எங்க தெறக்கும்னு தெனமும் சோதிச்சு எழுதியிருக்கேன் பாருங்க. மொத பக்கத்துலயே இருக்கு." நோட்டை மூடினாள். "மறதி எனக்கில்லங்க."

ஷீபா, "என்னண்ணே இது" என்று மட்டும் கேட்டாள். ஷர்லி என்னிடம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு ஷீபாவோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். டப்பாக்களில் இருந்த பெயர்த் துண்டுகளை எல்லாம் காலையிலேயே கிழித்துப் போட்டிருக்கிறாள் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். எனக்கு உப்பு எது, சோடா மாவு எது என்று தெரியவில்லை.

நோட்டில் கடைசியாக இன்னொரு பக்கம் இருந்ததாம். அதை அவள் என்னிடம் காட்டவில்லை, உங்களிடம்தான் காட்டியிருக்கிறாள். மே மாதத்தில் மூன்று நாள் ஆவூரில் போய் இருந்தபோது தலை தெளிவாக இருந்ததையும், திரும்பி வந்த மறுநாளே மந்தமானதையும் எழுதியிருந்தாளாம். திருச்சிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறாள். பிப்ரவரியோடு அவள் நிறுத்திய மாத்திரை ஜூன் மாத ரத்தத்தில் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டை நீங்கள் மேஜையில் வைத்தபோது நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தால் எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. "அவளே போட்டுக்கிட்டு மறந்திருப்பா மேடம்" என்றேன். நீங்கள்கூட ஒரு கணம் பேனாவை நிறுத்தினீர்கள்.

ஆனால் நேற்று சாயங்காலம் நீங்கள் ரைட்டரிடம், "அந்தம்மா அடைக்கலமேரிய நாளைக்கி வரச் சொல்லுங்க, ரெண்டு மாசம் சமைச்சது அவங்கதானே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை இருக்கிறது, ஸ்டேஷன் படி ஏறிப் பழக்கமில்லை. அவர் இதில் இல்லை. கஞ்சி மட்டும் எப்போதும் நான்தான் வைப்பேன், அவரைப் பக்கத்தில் விடவே மாட்டேன். டாக்டர் சீட்டை வைத்துக் கீரனூரில் ஒரு கடை, விராலிமலையில் ஒரு கடை, புதுக்கோட்டையில் இரண்டு கடை என்று மாற்றி மாற்றி வாங்கினேன். முதலில் ஒன்று. மார்ச்சிலிருந்து இரண்டு. கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி வெல்லத்தோடு சேர்த்துவிட்டால் கசப்புத் தெரியாது. அவள் பஸ் படியில் விழுந்ததற்கு முந்தைய நாள் சாயங்காலம் கொடுத்தது மூன்று. மறுநாள் அவளுக்கு மறுபடியும் ஒரு இன்டர்வியூ இருந்தது. என்னிடம் சொல்லாமல் ஏற்பாடு செய்திருந்தாள். டேப்பில் பார்த்தேன்.

இதை யாரும் என்னை அடித்து எழுதி வாங்கவில்லை. சுயநினைவோடு நானே எழுதுகிறேன்.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் அவளை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றும் அடுத்த மாதம் இங்கிலீஷ் டெஸ்ட் எழுதப் போகிறாள் என்றும் ஷீபா உங்களிடம் சொன்னதைக் கேட்டேன். என்மேல் எந்தச் செக்‌ஷனை வேண்டுமானாலும் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு கவலைதான். அவளை அவ்வளவு தூரம் தனியாக அனுப்பிவிடாதீர்கள் மேடம். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க யாராவது கூட இருந்தே ஆக வேண்டும்.